அன்னா செஞ்சா கைதட்டுற, நான் செஞ்சா பூட்டுறியா

2024 ஜூன்ல, ரேசிங்கை விட்டுட்டு கோச் ஆகியிருந்த டச்சு சைக்கிள் வீராங்கனை அன்னா வான் டெர் ப்ரெகன் திரும்ப ரேஸ் ஓட்டப் போறேன்னு அறிவிச்சப்ப எங்க டீம் வாட்ஸ்ஆப் க்ரூப்ல எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும் தான், நீளமா ஒரு வாழ்த்து கூட போட்டேன். அதுக்கு சில வாரம் கழிச்சு எங்க கோச் அதே விஷயத்தை தன்னைப் பத்தி என்கிட்ட சொன்னா. அன்னைக்கு ராத்திரியே டீம் பொண்ணுங்க எல்லாரோட ட்ரெயினிங் டேட்டாவையும் பார்க்கிற ஆக்ஸஸை அவ லாகின்ல இருந்து எடுத்துட்டேன், அவளால அதைத் திறக்க முடியாதபடி. முன்கூட்டி சொல்லல. செஞ்சது சரின்னு தான் பெரும்பாலான நாள் நினைக்கிறேன், சில நாள் அப்படி நினைக்க முடியல, அதான் எழுதுறேன்.

மறுநாள் காலைல போன் வந்துச்சு. கத்தல, திட்டல. "அன்னா செஞ்சா கைதட்டுற, நான் செஞ்சா பூட்டுறியா?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், "அன்னா நம்ம பொண்ணுங்களுக்கு எதிரா ஓட்டப் போறதில்ல, நீ ஓட்டப் போற." அவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "நான் ஓட்டப் போறேன்னு தான் சொன்னேன், அவங்களுக்கு எதிரான்னு சொல்லலையே"ன்னா. அதுக்கு நான் என்ன சொன்னேன்னு சரியா ஞாபகம் இல்ல, டேட்டா பாதுகாப்பு அது இதுன்னு ஏதோ சொல்லியிருப்பேன். ஆனா அவ கடைசியா சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. "எல்லாரோட நம்பரும் என் தலைக்குள்ள இருக்கு. அதை எப்படி எடுப்ப?"

எங்களது சின்ன டீம். நெதர்லாண்ட்ஸ்ல சைக்கிள் கிளப்புக்கு பஞ்சமே இல்ல, அப்படி ஒரு கிளப்போட பெண்கள் டீம், யாருக்கும் முழுநேர சம்பளம் கிடையாது. ரேஸ் என்ட்ரி, லைசென்ஸ், வேன், ரூம் புக்கிங், ட்ரெயினிங் ஆப்போட அட்மின் எல்லாம் என் தலைல. கோச்சிங் அவளோடது. அவளும் சில வருஷம் நல்ல லெவல்ல ரேஸ் ஓட்டிட்டு நின்னுட்டவ, எங்ககிட்ட வந்தப்ப இனிமே நம்பர் குத்திக்கிட்டு ஸ்டார்ட் லைன்ல நிக்கவே மாட்டேன்னு சொன்னவ. அவ திரும்ப ஓட்டப் போறது எங்க டீம்ல இல்ல, எங்களை மாதிரியே இன்னொரு டீம்ல, அதே கேலண்டர், அதே ரேஸ். அதனால தான் எனக்கு அவ்வளவு அவசரம்.

அவ வான் டெர் ப்ரெகன் பேரை எடுத்ததுல இருந்து அந்த கேரியரை நான் வேற கண்ணோட பார்க்க ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி வெறும் ரசிகை. 1990ல ஸ்வோலல பிறந்தவங்க, நர்சிங் படிச்சவங்க. 2015ல இருந்து 2021 வரைக்கும் பெல்ஜியத்துல நடக்கிற ஃப்ளெஷ் வலோன் ரேஸை தொடர்ந்து ஏழு தடவை ஜெயிச்சாங்க. அந்த ரேஸ் முடியற இடம் ஹுயி ஊர்ல இருக்கிற சுவர் மாதிரி ஒரு ஏத்தம், 1.3 கிலோமீட்டர் தான், ஆனா சராசரியே 9 சதவீதத்துக்கு மேல, நடுவுல ஒரு திருப்பத்துல அதை விட ரொம்ப மோசம். எல்லாருக்கும் தெரியும் அங்க தான் அவங்க அடிப்பாங்கன்னு, அதாவது திடீர்னு வேகம் எடுத்து மத்தவங்களை விட்டுட்டுப் போவாங்கன்னு, எந்த இடத்துலன்னு கூட தெரியும், தெரிஞ்சும் ஏழு வருஷம் ஒருத்தராலயும் ஒண்ணும் பண்ண முடியல. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, எதிராளியைப் பத்தி தெரிஞ்சு வச்சிருக்கிறதுக்கு எவ்வளவு மதிப்புன்னு பின்னாடி பேச வேண்டியிருக்கு.

2016 ரியோ ஒலிம்பிக் தங்கம். 2017ல ஆம்ஸ்டெல், ஃப்ளெஷ், லியேஜ்னு வசந்த காலத்து பெரிய ஒரு நாள் ரேஸ் மூணையும் ஒரே வாரத்துல எடுத்தாங்க. 2018 இன்ஸ்ப்ரூக் உலக சாம்பியன்ஷிப்ல தனியா போய் 3 நிமிஷம் 42 செகண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, இரண்டாவது வந்தவங்க ஃபினிஷுக்கு வர்றதுக்குள்ள இவங்க மூச்சு வாங்கி முடிச்சிருப்பாங்க. 2020 இமோலா உலக சாம்பியன்ஷிப்ல, ஒவ்வொருத்தரா தனியா கடிகாரத்துக்கு எதிரா ஓட்டுற டைம் ட்ரயல், எல்லாரும் சேர்ந்து ஓட்டுற ரோடு ரேஸ், ரெண்டு தங்கமும். இத்தாலியோட பல நாள் ரேஸான ஜிரோ நாலு தடவை. இப்படிப்பட்ட ஆள் 2020லயே சொல்லிட்டாங்க, 2021 சீசன் முடிஞ்சா நிறுத்திடுவேன், அதே எஸ்டி வொர்க்ஸ் டீம்ல காருக்குள்ள உட்கார்ந்து ரேஸை நடத்துற டைரக்டரா போவேன்னு. 30 வயசுல, உச்சத்துல இருக்கிறப்ப.

எனக்கு அவங்க கேரியர்ல ரொம்பப் பிடிச்ச நாள் அவங்க ஜெயிக்காத நாள். 2021 ஏப்ரல், லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ். அதுக்கு சில நாள் முன்னாடி தான் ஏழாவது ஃப்ளெஷ் ஜெயிச்சிருந்தாங்க. கடைசி ஏத்தத்துக்கு அப்புறம் முன்னாடி ஒரு சின்ன குரூப், அதுல அவங்களும் டெமி வோலரிங்கும். வோலரிங் அந்த வருஷம் தான் டீமுக்கு வந்திருந்த பொண்ணு, ஃப்ளோரிஸ்ட்டா வேலை பார்த்துட்டு ரேசிங்குக்கு வந்தவங்க. வான் டெர் ப்ரெகன் குரூப் முன்னாடி போய் உட்கார்ந்துட்டு ஃபினிஷ் வரைக்கும் இழுத்துக்கிட்டே வந்தாங்க, யாரும் தப்பிச்சுப் போக முடியாத ஸ்பீடுல, பின்னாடி இருந்து வோலரிங் ஸ்ப்ரிண்ட்ல எதிர் டீம்ல இருந்த இன்னொரு டச்சு ரைடர் ஆன்னமிக் வான் ஃப்ளூட்டனைத் தாண்டி ஜெயிச்சாங்க. காருக்குள்ள ஏறுறதுக்கு பல மாசம் முன்னாடியே கோச் ஆகிட்டாங்கன்னு தான் எனக்குத் தோணும்.

2022ல இருந்து டைரக்டர், அதோட வோலரிங்குக்கு பர்சனல் கோச். 2023ல வோலரிங் அதே ஆம்ஸ்டெல், ஃப்ளெஷ், லியேஜ் மூணையும் ஜெயிச்சாங்க, 2017ல கோச் செஞ்ச அதே கணக்கு. அந்த வருஷம் பெண்கள் டூர் ட ஃப்ரான்ஸும் அவங்களுக்குத் தான், டூர்மலே மலைல மூடுபனிக்குள்ள எல்லாரையும் விட்டுட்டு மேல போனது இன்னும் கண்ணுல நிக்குது. கோச்சிங்குன்னா இது தான்னு எங்க கோச் அன்னைக்கு கேன்டீன்ல எல்லா பொண்ணுங்களையும் உட்கார வச்சு அந்த ஸ்டேஜை, அதாவது டூர்ல அந்த ஒரு நாள் ரேஸை, மறுபடி போட்டுக் காட்டினா.

அப்புறம் 2024ல அந்த அறிவிப்பு. 34 வயசுல, அடுத்த வருஷத்துல இருந்து திரும்ப ரைடரா. வோலரிங் வேற டீமுக்குப் போகப் போறாங்கன்னு ஏற்கனவே பேச்சு. அதாவது, தான் ப்ளான் போட்டு வளர்த்த ஆளுக்கு எதிரா, வேற கலர் ஜெர்சில, அதே ரோட்டுல.

பழைய காலத்து டச்சு சைக்கிளிங்ல இப்படி ஒண்ணு நடந்து எனக்கு ஞாபகம் வரல. பீட்டர் போஸ்ட் 1964ல பாரிஸ்–ரூபே ஜெயிச்சவர், ரேசிங்கை விட்டதும் டிஐ-ராலே டீமோட தலைவரா ஆனார், 1980ல யோப் ஸூட்டமெல்க் அந்த டீம்ல தான் டூர் ஜெயிச்சார். காருக்குள்ள போனவர் போனது தான். அந்த வழி ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தோம், நானும் சேர்த்து. அதுல ஒரு வசதி இருந்துச்சு. ரைடர் தன் உடம்புல இருக்கிற எல்லாத்தையும் கோச்கிட்ட காட்டலாம், ஏன்னா கோச் திரும்பி வந்து அதை வச்சு அடிக்கப் போறதில்ல.

எல்லாத்தையும்னா நிஜமாவே எல்லாத்தையும். வெளில இருந்து பார்க்கிறவங்களுக்கு கோச்னா ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு கத்துற ஆள்னு தோணலாம். இப்ப அப்படி இல்ல. பெடல்ல பவர் மீட்டர், நெஞ்சுல ஹார்ட் ரேட் பெல்ட், எத்தனை மணி நேரம் தூங்கினா, எடை எவ்வளவு, பீரியட்ஸ் எப்ப, அந்த நாள்ல எப்படி இருந்துச்சு, வீட்ல சண்டையா, பரிட்சையா, எல்லாம் ஆப்ல இருக்கு. ஒருத்தியோட த்ரெஷோல்ட், அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிற உச்ச பவர், எத்தனை வாட்ஸ்னு தெரியறது கூட பெரிய ரகசியம் இல்ல, எல்லாரும் ரைடைப் பதிவு போடுற ஸ்ட்ராவா ஆப்ல பாதி ஊகிக்கலாம். நிஜமான ரகசியம் களைப்புக்கு அப்புறம் என்ன ஆகுதுங்கிறது. 2000 கிலோஜூல் செலவான பிறகு அவளோட 5 நிமிஷ பவர் எவ்வளவு விழுது. சிலருக்கு கொஞ்சம் தான் விழும், சிலருக்கு அப்படியே சரிஞ்சிடும். யார் முதல் அட்டாக்குக்கு பதில் சொல்லுவா, மூணாவதுக்கு சொல்ல முடியாது. யாருக்கு வெயில் ஆகாது. யார் போன வருஷம் விழுந்ததுல இருந்து இடது பக்க திருப்பத்துல மட்டும் பிரேக் பிடிக்கிறா. கடைசி விஷயம் எந்த ஃபைல்லயும் இருக்காது, கோச் கண்ணுல மட்டும் தான் இருக்கும்.

இதை நான் அன்னைக்கு ராத்திரி யோசிச்சேன். வண்டில திரும்பி வர்றப்ப அவ சொன்னா, நான் வாழ்த்து சொன்னேன், உண்மையாவே சொன்னேன், ஏன் நின்னான்னு எனக்கு எப்பவும் வருத்தம் தான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு லேப்டாப்பைத் திறந்தப்ப வேற ஆளா ஆயிட்டேன். இது ஹெல்த் டேட்டா. ஐரோப்பாவோட தனியுரிமைச் சட்டம் 2018ல இருந்து அமல்ல இருக்கு, அதுல ஹெல்த் டேட்டாவுக்கு தனி இடம், சாதாரண தகவலை விட கூடுதல் பாதுகாப்பு, தேவை இருக்கிறவங்களுக்கு மட்டும் தான் காட்டணும். வேற டீம்ல ஓட்டப் போறவளுக்கு எங்க பொண்ணுங்களோட பீரியட்ஸ் தேதி எதுக்கு? அட்மின் நான். நாளைக்கு ஏதாவது ஆனா கேள்வி என்கிட்ட தான் வரும். பட்டனை அழுத்திட்டேன்.

இதுல எந்த இடமும் தப்புன்னு என்னால சொல்ல முடியல. இப்பவும் யாராவது கேட்டா இதைத் தான் சொல்லுவேன்.

ஆனா சட்டம் அன்னைக்கு ராத்திரியே செய்யணும்னு சொல்லல. சீசன் முடியற வரைக்கும் அவ எங்க கோச். அவ சொன்னது அடுத்த வருஷத்தைப் பத்தி. ப்ளான் நடுவுல இருந்தப்ப டேட்டாவை எடுத்தா அவளால கோச்சிங் பண்ணவே முடியாது, அது எனக்குத் தெரியாம இல்ல. அதாவது நான் டேட்டாவை மட்டும் எடுக்கல, வேலையையும் எடுத்துட்டேன், ஆனா அப்படி ஒரு முடிவை எடுக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. கமிட்டிகிட்ட மறுநாள் சொன்னேன், அவங்க சரின்னுட்டாங்க. ஏற்கனவே நடந்து முடிஞ்சதுக்கு சரின்னு சொல்றது ஈஸி.

இன்னொரு பக்கம், இந்த விளையாட்டுல வித்தியாசம் எவ்வளவு மெல்லிசுன்னு அதே ஆகஸ்ட்ல உலகமே பார்த்துச்சு. 2024 டூர் ரோட்டர்டாம்ல ஆரம்பிச்சுது, எங்க ஊர் மாதிரி. வோலரிங் முதலிடத்துல இருக்கிறவங்க போடுற மஞ்சள் ஜெர்சில இருந்தாங்க, ஐந்தாவது ஸ்டேஜ்ல ஃபினிஷுக்கு சில கிலோமீட்டர் முன்னாடி விழுந்தாங்க, அவங்க டீமோட பிளாங்கா வாஸ் முன்னாடி அந்த ஸ்டேஜையே ஜெயிச்சாங்க, பின்னாடி வோலரிங் ஜெர்சியை இழந்தாங்க. கடைசி நாள் ஆல்ப் டுவெஸ்ல ஸ்டேஜ் ஜெயிச்சும் காஷியா நீவியாடோமாகிட்ட 4 செகண்ட்ல டூர் போச்சு. எட்டு ஸ்டேஜ், நாலு செகண்ட். நாலு செகண்ட்னா ஒரு திருப்பத்துல பிரேக் பிடிக்கிற நேரம். எந்தப் பொண்ணு எந்தத் திருப்பத்துல பிரேக் பிடிப்பான்னு தெரிஞ்ச ஒருத்தி எதிர் டீம்ல இருந்தா? நான் பயந்தது வீண் பயம் இல்ல.

ஆனா அந்த பிரேக் விஷயம் ஃபைல்ல இல்லையே. அவ கண்ணுல தானே இருக்கு. நான் பூட்டினது ஃபைலை. நல்லா சமைக்கிற அம்மா வீட்டை விட்டுப் போனா மளிகைச் சாமான் டப்பாவைப் பூட்டி வச்ச மாதிரி. அவ போன்ல சொன்னது அதைத் தான், நான் அப்ப காதுல வாங்கல.

அவ ஏன் திரும்ப ஓட்டணும்னு நினைச்சான்னு பின்னாடி தான் கேட்டேன், கேட்டதே ரொம்ப நாள் கழிச்சு. அவ சொன்ன காரணம் எனக்கு எதிர்பாராதது. ஃபிட்னஸ், ஆசை, வயசாகுறது இதெல்லாம் சொல்லுவான்னு நினைச்சேன். அவ சொன்னா, "கார்ல உட்கார்ந்தா எனக்குத் தெரியுது, அவங்களுக்குத் தெரியல, நான் சொல்றதுக்குள்ள முடிஞ்சிடுது." எங்க லெவல் ரேஸ்ல ரைடர் காதுல ரேடியோ கிடையாது. கார் பெலட்டானுக்கு, அதாவது ரைடர்களோட பெரிய கூட்டத்துக்குப் பின்னாடி வரிசைல வரும், முன்னாடி காத்து திரும்பி குரூப் உடையுறதை ரேஸ் அதிகாரிங்க கார்களுக்கு சொல்ற ரேடியோல கேட்போம், பொண்ணுங்ககிட்ட சொல்ல வழி இல்ல.

இந்த நாட்டுல அதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் டோக்கியோ. 2021 ஜூலை 25, ஒலிம்பிக் பெண்கள் ரோடு ரேஸ், 137 கிலோமீட்டர். நெதர்லாண்ட்ஸ் டீம்ல வான் ஃப்ளூட்டன், மரியான்னே வோஸ், வான் டெர் ப்ரெகன், வோலரிங். இதை விட பலமான டீமை நான் பார்த்ததில்ல. ஒலிம்பிக்லயும் ரைடருக்கு ரேடியோ கிடையாது. ஆஸ்திரியாவோட அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்துல டாக்டர் பட்டம் வாங்கினவங்க, அப்ப எந்த ப்ரோ டீம்லயும் இல்லாதவங்க, கொடி அசைஞ்ச உடனே பிரேக்ல, அதாவது கூட்டத்தை விட்டு முன்னாடி தப்பிச்சுப் போற சின்ன குரூப்ல போனாங்க, கூட வந்தவங்களையும் விட்டுட்டு தனியா போனாங்க. பின்னாடி துரத்தினவங்க பிரேக்ல இருந்த மத்தவங்களைப் பிடிச்சுட்டு எல்லாரையும் பிடிச்சாச்சுன்னு நினைச்சுட்டாங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல கழிச்சு ஃபினிஷுக்கு வந்த வான் ஃப்ளூட்டன் தங்கம்னு நினைச்சு கையைத் தூக்கினாங்க. வெள்ளி.

அன்னைக்கு கார்ல இருந்த நேஷனல் கோச் லூஸ் ஹுன்னவைக் கூட ரைடரா இருந்து கோச் ஆனவங்க தான். 2012 லண்டன் ஒலிம்பிக்ல வோஸ் தங்கம் ஜெயிச்சப்ப அதே டீம்ல ஓட்டினவங்க, ரேடியோ இல்லாத ரேஸ் உள்ள இருந்து எப்படி இருக்கும்னு உடம்பால தெரிஞ்சவங்க. தெரிஞ்சும் அந்தக் காருக்கும் அந்தக் குரூப்புக்கும் நடுவுல இருந்த இடைவெளியை அவங்களால நிரப்ப முடியல. நான் இதுல யாரையும் குறை சொல்ல வரல, அந்த ரேஸை நான் பல தடவை பார்த்துட்டேன், ஒவ்வொரு தடவையும் வேற ஒருத்தர் மேல பாவமா இருக்கும்.

எங்க கோச் சொன்னது புரிஞ்சுது. தெரிஞ்சதை சொல்ல முடியாம உட்கார்ந்திருக்கிறதை விட தானே போய் செஞ்சிடலாம்னு. ஆனா புரிஞ்சதும் எனக்கு இன்னும் குழப்பம் தான் ஆச்சு. தெரிஞ்சதை எடுத்துக்கிட்டு தான் அவ ரோட்டுக்குப் போறா. அதைத் தானே நான் பயந்தேன்?

2025 மார்ச் 8, இத்தாலில ஸ்ட்ராடே ப்யான்கே ரேஸ். நான் வீட்ல தனியா பார்த்தேன், வேணும்னே தனியா. சியன்னாவைச் சுத்தி வெள்ளை மண் ரோடு, கடைசில முன்னாடி ரெண்டு பேர் மட்டும். புது டீம் எஃப்டிஜே ஜெர்சில டெமி வோலரிங், பக்கத்துல அன்னா வான் டெர் ப்ரெகன். திரைக்கதை எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. ஒருத்தியோட த்ரெஷோல்ட், தூக்கம், பயம், கோபம் எல்லாம் தெரிஞ்ச இன்னொருத்தி, பக்கத்து வீல்ல. ஊருக்குள்ள நுழைஞ்சதும் சான்டா கத்தரீனா தெரு, கல் பாவின ரொம்ப செங்குத்தான ஏத்தம், பல வருஷம் அங்க தான் முடிவாகியிருக்கு, அங்க வோலரிங் எழுந்து நின்னு மிதிச்சாங்க, வான் டெர் ப்ரெகனால கூட போக முடியல. வோலரிங் முதல், வான் டெர் ப்ரெகன் இரண்டாவது.

எனக்கு முதல்ல வந்தது நிம்மதி. பாரு, தெரிஞ்சு ஒண்ணும் ஆகல, ஹுயில ஏழு வருஷம் எல்லாருக்கும் தெரிஞ்சும் ஒண்ணும் ஆகாத மாதிரி, கால்ல இருந்தா தான் உண்டு. அப்படின்னா நான் பூட்டினதுக்கு அர்த்தமே இல்லையேன்னு அடுத்த நிமிஷமே தோணுச்சு. அதுக்கு அடுத்த நிமிஷம், மூணு வருஷம் ரேஸே ஓட்டாம 34 வயசுல திரும்பி வந்தவங்க உலகத்துலயே சிறந்த ஆள் கூட கடைசித் தெரு வரைக்கும் எப்படி வந்தாங்க, எங்க பொறுக்கணும், எங்க விடக்கூடாதுன்னு தெரிஞ்சதால தானே? ஒரே ரேஸ், ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லுது. அப்புறம் டிவியை நிறுத்திட்டேன்.

எங்க ரேஸ் அதே வசந்த காலத்துல. சின்ன ரேஸ், அணைக்கரை ரோடு, பக்கவாட்டுக் காத்து. காத்துல பெலட்டான் உடைஞ்சு சாய்வு வரிசையா ஆச்சு, முதல் வரிசைல எங்க டீம்ல இருந்து ஒருத்தி, எங்க பழைய கோச் கடைசியா ப்ளான் போட்டுக்கிட்டு இருந்தது அவளுக்குத் தான், நான் ஆக்ஸஸ் எடுத்தப்ப நேஷனல்ஸுக்கு தயார் ஆகிட்டு இருந்த பொண்ணு. அதே வரிசைல பழைய கோச்சும், எதிர் டீம் ஜெர்சில. ரெண்டு அட்டாக் வேற யாரோ போனாங்க, எங்க பொண்ணு ரெண்டுக்கும் பதில் சொன்னா. மூணாவது அட்டாக் எங்க பழைய கோச் போட்டா. எங்க பொண்ணால முடியல. அவ கூட ரெண்டு பேர் போனாங்க, ரேஸ் அங்கேயே முடிஞ்சுது.

மூணாவது அட்டாக். நான் மேல எழுதினதை நீங்க படிச்சீங்க இல்ல?

ரேஸ் முடிஞ்சு வேன்கிட்ட எங்க பொண்ணு, "அவளுக்குத் தெரியும்"னு மட்டும் சொன்னா. அழல, கோபம் கூட இல்ல. நான் நேரா போய் பழைய கோச்கிட்ட கேட்டேன், கேட்டிருக்க வேண்டியதில்லன்னு இப்ப தோணுது, அன்னைக்கு கேட்காம இருக்க முடியல. அவ சொன்னா, "ரோடு அங்க வலது பக்கம் திரும்புது, காத்து முழுசா பக்கவாட்டுல வரும், ரோட்டோரம் இடமே இல்ல. காலைல மேப் பார்த்த எவளும் அங்க தான் அடிப்பா." அது உண்மை. நானே காலைல மீட்டிங்ல அந்தத் திருப்பத்தை காட்டி ஜாக்கிரதைன்னு சொல்லியிருந்தேன். அவ மேலும் சொன்னா, "அவ எங்க இருக்கான்னு நான் திரும்பிக் கூட பார்க்கல." இதையும் நம்புறேன். நம்புறதுனால ஒண்ணும் தீரல, ஏன்னா திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்குத் தெரிஞ்சிருந்தா பார்க்க வேண்டியது என்ன இருக்கு?

இதை வச்சு என் முடிவு சரின்னு நிரூபிச்சிடலாம்னு சில பேர் என்கிட்ட சொன்னாங்க. பார்த்தியா, நீ பயந்தது தான் நடந்துச்சுன்னு. எனக்கு அப்படி ஒத்துக்க மனசு வரல. நான் ஃபைலைப் பூட்டியும் அது நடந்துச்சு. பூட்டாம இருந்தா அந்தப் பொண்ணுக்கு நேஷனல்ஸ் வரைக்கும் கோச் இருந்திருப்பா, மூணாவது அட்டாக்குக்கு பதில் சொல்ற பலம் ஒருவேளை அந்த ப்ளான்லயே வந்திருக்கும், யாருக்குத் தெரியும். களைப்புக்கு அப்புறம் பவர் விழாம இருக்க மாசக்கணக்குல செய்யற வேலை அது, நடுவுல நிறுத்தினா போச்சு. இப்படி யோசிச்சா என் மேல திரும்புது. ஆனா மத்த பொண்ணுங்களோட ஹெல்த் டேட்டா? அந்தக் கேள்வி இன்னும் அங்கேயே இருக்கு, அதுக்கு நான் சொன்ன பதில் இன்னும் சரியாத் தான் இருக்கு.

போன மாசம் அந்தப் பொண்ணு என்கிட்ட வந்தா. தன்னோட ட்ரெயினிங் ப்ளானை திரும்ப பழைய கோச் தான் போடணுமாம், ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டாங்களாம். எதிர் டீம்ல ஓட்டிக்கிட்டே இவளுக்கு கோச்சிங். நான் கேட்டேன், "அவ உன்னை அடிச்ச அதே வருஷமே?" "அடிச்சதால தான்," அப்படின்னா, "என்ன குறையுதுன்னு அவளுக்குத் தான் சரியாத் தெரியுது, அதை சரி பண்ணவும் அவளுக்குத் தான் தெரியும்." டேட்டா இவளோடது, இவ சம்மதிச்சா யாருக்கு வேணும்னாலும் காட்டலாம், அந்தச் சட்டமே அதைத் தான் சொல்லுது. அவளோட ஃபைலை மட்டும் திறந்து விட்டேன். மத்தவங்களோடது மூடியே இருக்கு.

அதுக்கப்புறம் கமிட்டில ஒருத்தர் கேட்டார், அடுத்த ரேஸுக்கு டீம் டாக்டிக்ஸ் பேசுறப்ப அந்தப் பொண்ணு ரூம்ல இருக்கலாமா, அவ கோச் எதிர் டீம்ல ஓட்டுறாளேன்னு. நியாயமான கேள்வி, போன வருஷம் நானே கேட்டிருப்பேன். இருக்கலாம்னு சொல்லிட்டேன். காரணத்தை எழுதிக் குடுங்கன்னார். ஆக்ஸஸ் எடுத்தப்ப எனக்கு எழுதிக் குடுக்க ஒரு பக்கம் முழுக்க காரணம் இருந்துச்சு. இதுக்கு இன்னும் ஒண்ணும் எழுதல, மெயில் அப்படியே இருக்கு, அவர் ரெண்டாவது தடவை கேட்டிருக்கார்.